குப்பம்மாள் என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

"என் அப்பாவின் அம்மா பெயர் குப்பம்மாள். பட்டாவில் இருந்து குடும்ப அட்டை வரைக்கும் அதுதான். பெற்ற பெண்ணுக்குக் குப்பை என்று பெயர் வைக்க மனசு வருமா? இது சாதியாலா, பெண் என்பதாலா? எனக்கு இப்போது பெண் பிறந்திருக்கிறாள். பாட்டி பெயரை வைக்கலாம் என்கிறார் அப்பா. எனக்குக் கூச்சமாக இருக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் ஒரு பெயருக்குப் பொருள் கேட்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டி பிறந்த அன்றைக்கு அந்த வீட்டில் அவளை யாராவது ஆசையாகத் தூக்கிக்கொண்டார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் தமிழ் படித்தவன். பிழைத்தது ஆரம்பப் பள்ளி வாத்தியாராக, பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், முப்பத்து மூன்று வருஷம். ஒவ்வொரு ஜூன் மாதமும் சேர்க்கைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு பெயர் எழுதியிருக்கிறேன். பிள்ளை பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி. (தேதி தெரியாது என்றால் ஜூன் 1. எங்கள் பக்கத்தில் பாதி ஊருக்கு ஒரே நாளில்தான் பிறந்தநாள்.) அந்தப் பதிவேட்டில் குப்பன், குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை, பிச்சைமுத்து, மூக்கன், மூக்காயி, மண்ணாங்கட்டி, தவிட்டம்மாள் எல்லாரும் இருந்தார்கள். ஏன் இந்தப் பெயர் என்று கேட்கிற பழக்கம் எனக்கு இருந்தது. கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும்.

அந்த வீட்டில் முதலில் ஒரு பிள்ளை பிறந்து இறந்திருக்கும். சில வீடுகளில் இரண்டு, மூன்று. அடுத்த பிள்ளை பிறந்ததும் அதை முறத்தில் கிடத்தி, கொல்லைப்புறத்துக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். தன் பிள்ளைகளை ஒன்றும் இழக்காத பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அந்த வழியாக வருகிற மாதிரி வந்து தூக்கிக்கொள்வாள். தூக்கிக்கொண்டு நேரே பெற்றவளிடம் வந்து, "குப்பையில் ஒரு குழந்தை கிடந்தது, உனக்கு வேணுமா?" என்று கேட்பாள். பெற்றவள் ஒரு படி தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வாள். அவ்வளவுதான் சடங்கு. இப்போது அது அவள் வயிற்றில் பிறந்த பிள்ளை இல்லை, குப்பையில் பொறுக்கியது, தவிட்டுக்கு வாங்கியது. அவள் பிள்ளைகளைத் தேடித்தேடி வந்து கொண்டுபோகிற எதுவோ இந்த வீட்டுக்கு மறுபடி வந்தால், எடுத்துப்போக அவள் பிள்ளை என்று ஒன்று அங்கே இருக்காது.

பிச்சை என்ற பெயரும் இதே மாதிரிதான். தாய் வீடு வீடாகப் போய் மடிப்பிச்சை எடுத்து, அந்தக் காசில் பிள்ளைக்கு ஏதாவது வாங்கிப் போடுவாள். மூக்கன், மூக்காயி என்றால் பிறந்த கொஞ்ச நாளில் மூக்கைக் குத்தி ஊனப்படுத்திய பிள்ளை. ஆண் பிள்ளைக்கும் குத்துவார்கள். முழுசாக இல்லாத பொருளை யாரும் திருட மாட்டார்கள் என்ற கணக்கு. சென்னை அருங்காட்சியகத்தில் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியப் பழக்கங்களைத் தொகுத்தபோது, குப்பையில் உருட்டுவதையும் மூக்குக் குத்துவதையும் இந்தப் பெயர்களோடு சேர்த்தே எழுதிவைத்திருக்கிறார். ஆக, இது நாங்கள் ஊரில் கட்டிவிட்ட கதை இல்லை. தெலுங்கில் பெண்டய்யா, பெண்டம்மா என்று பெயர் உண்டு. பெண்ட என்றால் சாணக் குவியல். கன்னடத்தில் திப்பண்ணா, திப்பம்மா. திப்பே என்றால் அதே குப்பைமேடு. ஆப்பிரிக்காவில் யொருபா மக்களிடம் கொசோகோ என்று ஒரு பெயர், "மண்வெட்டி இல்லை" என்று பொருள். குழி தோண்ட மண்வெட்டி இல்லை, அதனால் நீ சாகக் கூடாது என்று பிள்ளையிடமே சொல்கிற பெயர். அந்தப் பெயரில் ஒருவர் 1845-இல் லாகோசுக்கு அரசராகவே இருந்தார்.

எதற்கு இவ்வளவு பாடு என்று இன்றைக்குத் தோன்றும். 20-ஆம் நூற்றாண்டின் முதல் இருபது வருஷத்தில் இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளில் ஏறக்குறைய 200 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 1971-இல் கூட அது 129. 2020 கணக்கில் நாடு முழுமைக்கும் 28, தமிழ்நாட்டில் 13. உங்கள் பாட்டி எந்த ஆண்டில் பிறந்திருந்தாலும், அவரைப் பெற்றவளின் தெருவில் குழந்தையைப் புதைக்காத வீடு அபூர்வமாகத்தான் இருந்திருக்கும். தடுப்பூசி இல்லை, ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. கையில் இருந்தது ஒரு முறம், ஒரு படி தவிடு, ஒரு பெயர்.

இந்தத் தவிடு உங்கள் வீட்டிலும் இருக்கிறது, கவனித்திருக்க மாட்டீர்கள். சின்ன வயதில் உங்கள் அண்ணனோ மாமாவோ "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று சொல்லி அழவைத்திருப்பார்களே, அந்தத் தவிடுதான் இது என்று நினைக்கிறேன். மலையாளிகளும் தங்கள் வீட்டுக் குழந்தைகளை இதையே சொல்லித்தான் சீண்டுகிறார்கள். சடங்கு செத்துப்போய் கேலி மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பது என் ஊகம்தான், நிரூபிக்கச் சொன்னால் கையை விரிப்பேன். ஆனால் தவிட்டுக்குப் பிள்ளை வாங்குகிற வழக்கத்துக்கு வெளியே அந்தக் கேலிக்கு ஒரு காரணமும் எனக்குப் பிடிபடவில்லை.

சரி, குப்பை என்ற சொல்லுக்கு வருகிறேன். இதில் ஒரு சர்க்கரைப் பூச்சு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை நம்ப வேண்டாம். பழந்தமிழில் குப்பை என்றால் குவியல். சிவகங்கை மாவட்டத்து நெற்குப்பையைக் கேட்டாலே தெரியும், நெல் குவியல். இதுவரை உண்மை. இதை வைத்துக்கொண்டு குப்பம்மாள் என்றால் செல்வக் குவியல் என்று சிலர் எழுதுகிறார்கள். பேத்திகளுக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் முறத்தில் வைத்து எடுத்துப்போன இடம் நெற்களம் இல்லையே, குப்பைமேடுதானே. அதே நேரம், விவசாய வீட்டுக் குப்பைமேட்டை இன்றைய நகராட்சிக் குப்பைத்தொட்டி மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். சாணமும் சாம்பலும் இலைதழையும் மக்கி, அடுத்த போகத்துக்கு வண்டி வண்டியாக வயலுக்குப் போகிற எரு அது. கார்த்திகை தீபத்தை ஒட்டிக் குப்பைக் கார்த்திகை என்று ஒன்று வரும். அன்றைக்கு எங்கள் அம்மா ஒரு அகலை ஏற்றி இருட்டில் கொல்லைக்குப் போய்க் குப்பைமேட்டில் வைத்துவிட்டு வருவார். விளக்கு வைக்கிற இடத்தில்தான் பிள்ளையையும் வைத்தார்கள். இழிவும் வளமும் ஒரே இடத்தில் கிடந்தன, அந்த வீடுகளுக்கு அதில் முரண் ஒன்றும் தெரிந்ததில்லை.

இப்போது உங்கள் சாதிக் கேள்வி. இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. உயிருக்கு அஞ்சி வைத்த இந்தப் பெயர் எல்லாச் சாதியிலும் இருந்தது. தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யர் பிராமணர். சமஸ்கிருத அறிஞர் குப்புசாமி சாஸ்திரியின் (1880–1943) பெயரில் சென்னையில் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. கும்பகோணத்தில் 1900-இல் பிறந்த வேங்கட மகாலிங்கத்தை நாம் எழுத்தாளர் ந. பிச்சமூர்த்தியாகத்தான் அறிவோம். குழந்தை சாவது சாதி பார்த்து நடக்கவில்லை. ஆனால் பெயரின் வாலைப் பாருங்கள், அங்கே சாதி உட்கார்ந்திருக்கும். நிலம் வைத்திருந்தவர் வீட்டில் குப்புசாமி, அவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர் வீட்டில் குப்பன். ஒரே பயம், ஒரே குப்பைமேடு, ஒருவருக்கு மட்டும் பின்னால் ஒரு சாமி. சேரியில் யாராவது பிள்ளைக்குச் சாமி சேர்த்துப் பெயர் வைத்தாலும் ஊர்த்தெருவில் அதை வெட்டிவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் இது கண்ணெதிரே நடந்தது. சூத்திரனுக்கு இழிவு தொனிக்கும் பெயர் வைக்க வேண்டும் என்று மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பட்டமே இல்லாதவர்களுக்கு ஒரு "சாமி"யோ "அம்மாளோ" சேர்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. உங்கள் பாட்டி பட்டாவில் குப்பு என்றோ குப்பி என்றோ இல்லாமல் குப்பம்மாள் என்று இருப்பதைக் கவனியுங்கள். அந்த "அம்மாள்" பிறந்தபோதே இருந்ததா, பின்னால் யாரோ ஒரு கர்ணமோ எழுத்தரோ சேர்த்ததா என்பது பழைய பத்திரம் இருந்தால் தெரியும்.

பெண் என்பதாலா என்ற கேள்விக்கு மட்டும் தயங்காமல் பதில் சொல்வேன். குப்பை, பிச்சை, மூக்கு, தவிடு இவையெல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பிள்ளை தங்க வேண்டும் என்று வைத்தவை. இன்னொரு வகை உண்டு: போதும்பொண்ணு, வேண்டாம், வேண்டாமிர்தம். காதுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் அந்த வேண்டாமிர்தத்தைப் பிரித்துப் பாருங்கள், முதலில் நிற்பது வேண்டாம்தான். சம்பூர்ணம், மங்களம் என்ற அழகான பெயர்களையும் சில வீடுகளில் கடைசிப் பெண் இதுவாகவே இருக்கட்டும் என்று வைத்தார்கள். கச்சேரியை மங்களம் பாடித்தானே முடிப்பார்கள். இந்தப் பெயர்கள் அடுத்தது பையனாகப் பிறக்க வேண்டும் என்று வைக்கப்பட்டவை. போதும்பையன் என்று ஒருவரை என் முப்பத்து மூன்று வருஷத்தில் சேர்த்ததில்லை. திருத்தணிப் பக்கத்து ஊர்களில் வேண்டாம் என்ற பெயர் இந்தத் தலைமுறைப் பெண்களுக்கும் இருப்பது செய்தியில் வந்தது. மகாராஷ்டிரத்தில் நகுசா, அதாவது வேண்டாதவள், என்று பெயர் சுமந்த 285 பெண்களுக்கு 2011-இல் சாத்தாரா மாவட்டத்தில் விழா எடுத்துப் புதுப் பெயர் வைத்தார்கள். இரண்டு வகையையும் ஒரே பையில் போட்டு அந்தக் கால மூடநம்பிக்கை என்று கட்டிவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளை தங்கட்டும் என்று தவித்தவள் வைத்த பெயரும், பெண்ணா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் வைத்த பெயரும் ஒன்றாகாது. உங்கள் பாட்டியின் பெயர் முதல் வகையைச் சேர்ந்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் பாட்டிக்கு மேலே சாவு நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஏனென்றால் நம் ஊரில் பெயர் ஒரு தலைமுறை தாண்டித் திரும்பி வரும். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதுதான், தாத்தா பெயரைத் தாங்கியவன். சங்கப் பாட்டிலும் பெயரன் என்றே வருகிறது. ஆக, 1850 வாக்கில் ஒரு குப்பம்மாள் குப்பைமேட்டில் கிடந்திருந்தால், அவள் பேத்தி எந்தச் சாவும் பார்க்காத வீட்டில் செல்லமாகப் பிறந்தும் குப்பம்மாள் ஆகியிருப்பாள். அந்தப் பெயர் அவளுக்கு வந்தது பாசத்தினால் மட்டும். இரண்டில் உங்கள் பாட்டி எது என்பது உங்கள் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

இப்படிப் பெயர் திரும்பி வருவதில் ஒரு வேடிக்கை. மாமனார் பெயரையும் புருஷன் பெயரையும் மருமகள் வாயால் சொல்லக் கூடாது. மாமனார் பெயரையே அவள் பிள்ளைக்கும் வைத்துவிட்டால், பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வழியில்லை. தம்பி, ராசா, பெரியவனே என்று ஏதாவது ஒன்றில் காலம் தள்ளுவாள். பள்ளியில் சேர்க்க வந்து என் எதிரே நின்ற ஒரு பெண்ணிடம், "வீட்டுக்காரர் பெயர் என்னம்மா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "காவடி எடுத்துக்கிட்டுப் போவாங்களே சார், அந்த ஊரு" என்றாள். "பழனியா?" "ஆமாம் சார், ஆனா இன்னும் கொஞ்சம் மேல." பக்கத்தில் இருந்த சத்துணவு அமைப்பாளர் அம்மாதான் சிரித்துக்கொண்டே, "பழனிமலைன்னு எழுதுங்க சார்" என்றார். பெயர் என்றால் சும்மா கூப்பிடுகிற ஒலி, எதுவானாலும் சரி என்று நினைத்திருந்தால் அந்தப் பெண் இவ்வளவு சுற்றியிருக்க வேண்டியதில்லை. பெயரைச் சொன்னால் கணவனுக்கு ஆயுள் குறையும் என்று நம்பியவளுக்கும், பெயரை மாற்றினால் சாவை ஏமாற்றலாம் என்று நம்பியவளுக்கும் பெயர் என்றால் ஒன்றுதான், ஆளின் ஒரு பகுதி.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். 1980-களின் நடுவில், மண்ணாங்கட்டி என்ற பையனைச் சேர்க்க அவன் அம்மா வந்தார். எனக்கு அப்போது சீர்திருத்த ஆவேசம். "பெரியவனானால் எல்லாரும் கேலி பண்ணுவார்களம்மா, மணிகண்டன் என்று எழுதுகிறேன்" என்றேன். அவர் பதறிப்போய் என் பேனாவையே பிடித்துவிட்டார். "வேணாம் சார், மாத்துனா அதுக்குத் தெரிஞ்சிடும்." எது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவனுக்கு முன்னால் இரண்டு பேர் போயிருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதே வருஷம் குப்பம்மாள் என்ற ஒரு சிறுமியைக் கேட்காமல் கொள்ளாமல் புஷ்பா என்று எழுதிவைத்தேன். அவள் அப்பா கைநாட்டு, ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருஷம் கழித்து அவள் வந்து நின்றாள். அப்பா நிலத்தைப் பங்கு பிரிக்கும்போது வாரிசுச் சான்றிதழில் குப்பம்மாள், மாற்றுச் சான்றிதழில் புஷ்பா. இருவரும் ஒருவரே என்று எழுதி வாங்க அவள் அலைந்த அலைச்சலுக்கு நான்தான் காரணம். அப்புறம் யார் பெயரையும் நான் திருத்தியதில்லை.

இந்தப் பெயர்கள் ஏன் மறைந்தன என்று கேட்டால், குழந்தைகள் பிழைக்கத் தொடங்கியதால் என்று சொல்ல ஆசைதான். ஓரளவு உண்மையும் கூட. ஆனால் அதே காலத்தில்தான் இளங்கோவும் தமிழ்ச்செல்வியும் வந்தார்கள், பிறகு ரமேஷ், சுரேஷ் வந்தார்கள். சாவு குறைந்ததாலா, நாகரிகம் மாறியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் சேர்ந்த புதிதில் வகுப்புக்கு ஒரு குப்பனோ பிச்சையோ இருப்பார்கள். பிறகு அந்தப் பெயர் பக்கத்துப் பத்திக்கு நகர்ந்து அப்பா பெயராயிற்று. நான் ஓய்வு பெறும்போது "கு. ஹரிணி" என்று ஒரு குழந்தை இருந்தாள். அந்த இனிஷியலில் மட்டும் ஒரு குப்புசாமி மிச்சம்.

உங்கள் மகள் விஷயம். நான் உங்கள் இடத்தில் இருந்தால், சான்றிதழுக்கு அவளுக்கென்று ஒரு பெயரும், வீட்டில் கூப்பிடக் குப்பு என்றும் வைத்துக்கொள்வேன். வகுப்பில் கேலிக்கு ஆளாகப் போவது அவள்தானே, நாம் இல்லையே. ஆனால் இதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள். அவசரமும் இல்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துகொள்ளலாம், பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குள் உங்கள் அத்தைகளில் மூத்தவரைப் போய்ப் பாருங்கள். அப்பாவைக் கேட்டுப் பயனில்லை, இதெல்லாம் அடுப்படியில் பேசியது, ஆண்கள் காதுக்குப் போயிருக்காது. பாட்டி எத்தனையாவது பிள்ளை, அவருக்கு முன்னால் பிறந்து தவறியவர்கள் உண்டா, பாட்டியின் பாட்டி பெயர் என்ன என்று கேளுங்கள். கடைசியாக, பாட்டியை யாராவது "வாங்கியவர்கள்" இருந்தார்களா என்று கேளுங்கள். குப்பையில் இருந்து தூக்கிக் கொடுத்த அந்தப் பெண்ணை அந்தப் பிள்ளை கடைசி வரைக்கும் அம்மா என்றுதான் கூப்பிடும். பொங்கலுக்கு அந்த வீட்டுக்கு ஒரு புடவை போகும். உங்கள் வீட்டில் இருந்து உறவே இல்லாத ஏதாவது ஒரு வீட்டுக்கு வருஷா வருஷம் புடவை போனதாக அத்தைக்கு ஞாபகம் இருந்தால், பாட்டி குப்பைமேட்டில் இருந்து எடுக்கப்பட்டவர்தான்.